ரத்தம் கொடுத்தவர்களுக்கு ஒரு சீட்டுகூடக் கிடையாதா?

நெடுங்கால மக்கள்நல ஆய்வின் இயக்குநருக்கும் அதன் அறநெறிக் குழுவினருக்கும்,

சில வருஷங்களுக்கு ஒரு முறை அதே வீடுகளுக்குப் போய் உடம்பை அளந்து ரத்தம் எடுக்கும் உங்கள் ஆய்வின் மூன்றாம் சுற்றில், அளந்ததை எழுதிக் கொடுக்கும் அளவீட்டுச் சீட்டைத் தரவேண்டாம் என்று கள அணிகளுக்குச் சொல்லியிருக்கிறீர்கள். ஒரு வீட்டுக்கு ஆகும் நேரத்தைக் குறைக்கத்தான் இந்த ஏற்பாடு என்று பயிற்சியில் விளக்கம் தந்தார்களாம். என்னோடு வேலை பார்த்து இன்னமும் உங்களிடம் இருக்கும் ஒருவர் சொன்னார். அவர் யார் என்று தேட வேண்டாம். எங்கள் பக்கத்துக் கள அணிகள் அத்தனை பேருக்கும் இது தெரிந்த செய்திதான்.

உங்கள் முதல் சுற்றிலும் (2016) இரண்டாம் சுற்றிலும் (2020 தொடக்கத்தில், ஊரடங்குக்குச் சில வாரங்கள் முன்புவரை) விருதுநகர் மாவட்டக் கிராமங்களில் நான் களப்பணியாளராக இருந்தேன். ஒப்பந்த வேலை. சுற்று முடிந்ததும் வேலையும் முடிந்துவிடும். அந்த மாவட்டத்தில் உங்களுக்காக நூற்றுக்கணக்கான விரல்களைக் குத்தியவள் நான். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

சீட்டு என்று நான் சொல்வதை உங்களில் பலர் கண்ணால் பார்த்திருக்க மாட்டீர்கள். பாதித் தாள் அளவு. உயரம், எடை, பிரஷர், கைப்பிடி வலு, ஊதி எடுத்த மூச்சின் அளவு, இரண்டு கண்ணின் பார்வை. டேப்லெட்டில் பதிவு செய்துவிட்டு, அதே எண்களைப் பேனாவால் இந்தத் தாளில் எழுதிக் கொடுப்போம். பிரஷர் 140/90க்கு மேல் இருந்தால் அடியில் 'ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டவும்' என்று ஒரு வரி. எழுதி, வாசித்துக் காட்டி, கையில் கொடுக்க ஏழெட்டு நிமிடம் ஆகும். நீங்கள் மிச்சப்படுத்தப் போவது அந்த ஏழெட்டு நிமிடத்தைத்தான். ஒரு வீட்டில் நாங்கள் இருக்கும் இரண்டு மணி நேரத்தில், அந்த வீட்டுக்காரருக்கு என்று செலவாகும் நேரமும் அது ஒன்றுதான்.

ரத்தத்தின் கதை வேறு. கையைத் தொங்கப்போட்டுத் தேய்த்துச் சூடேற்றி, ஸ்பிரிட் பஞ்சால் துடைத்துக் காயவிட்டு, நடுவிரலிலோ மோதிர விரலிலோ நுனியின் ஓரத்தில் குத்துவோம். முதல் சொட்டைத் துடைத்துவிட வேண்டும். அடுத்த சொட்டிலிருந்து வடிதாள் அட்டையில் ஐந்து வட்டங்களை நிரப்ப வேண்டும். விரல் தாளில் படக்கூடாது, சொட்டு தானாக விழ வேண்டும். தீப்பெட்டி ஆபீசில் நாற்பது வருஷம் உழைத்துக் காய்த்துப்போன விரலில் அது லேசில் விழாது. சில பேருக்கு இரண்டு தடவை குத்தியிருக்கிறேன். மூன்றாவது தடவை குத்தச் சட்டம் இல்லை என்று சொல்லி நானே நிறுத்தியதும் உண்டு.

பிறகு அட்டை காய வேண்டும், குறைந்தது நான்கு மணி நேரம், முடிந்தால் ராத்திரி முழுவதும். வெயில் ஆகாது, ஈரம் ஆகாது, எறும்பு ஏறக்கூடாது. லாட்ஜ் அறையில் ஃபேன் போட்டால் தூசி படியும் என்று அதை அணைத்துவிட்டு, வியர்த்து ஊற்ற உட்கார்ந்திருப்போம். மேஜையில் பத்துப் பன்னிரண்டு பேரின் ரத்தம் காய்ந்துகொண்டிருக்கும். காலையில் ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு ஜிப் கவரில் போட்டு, பார்கோடு ஒட்டி அனுப்பிவைப்போம். அதற்கப்புறம் அந்த ரத்தம் என்ன ஆனது என்று எங்களுக்கும் தெரியாது, கொடுத்தவருக்கும் தெரியாது. சீட்டில் அதற்கு இடமே இல்லை.

இனி ஒரு பெரியம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஊரும் பேரும் வேண்டாம். உங்கள் கணினியில் அவருக்கு ஒரு எண் இருக்கிறது.

2016இல் போனபோது அவருக்கு 58 வயது. பிரஷர் 176/104. மூன்று தடவை பார்த்தும் அதேதான். சீட்டில் எழுதிக் கொடுத்தேன். ஐந்து வட்டம் ரத்தமும் கொடுத்தார். ஊசிக்குப் பயந்தவர் என்பதால், "எல்லாம் டெஸ்ட் பண்ணுவாங்கம்மா, உங்களுக்கு நல்லதுதான்" என்று சொல்லித்தான் கையை நீட்ட வைத்தேன். பயிற்சியில் யாரும் இப்படிச் சொல்லச் சொல்லவில்லை. ஆனால் 'ரத்தம் தர மறுத்தவர்' என்ற கட்டத்தில் எண்ணிக்கை கூடினால் சூப்பர்வைசரிடமிருந்து போன் வரும். எல்லாக் களப்பணியாளர்களும் இந்த வாக்கியத்தைச் சொல்லியிருக்கிறோம். அதில் என் பங்கை நான் மறைக்கவில்லை.

நான்கு வருஷம் கழித்து அதே வீட்டுக்குப் போனேன். பெரியம்மா முதலில் செய்தது, டிரங்குப் பெட்டியைத் திறந்து ரேஷன் கார்டுக்குள்ளிருந்து அந்தச் சீட்டை எடுத்ததுதான். நாலாக மடித்த இடமெல்லாம் கிழிந்து, செலோடேப் ஒட்டியிருந்தது. அதைக் கொண்டுபோய் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டியிருக்கிறார். மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். விடாமல் சாப்பிட்டிருக்கிறார். அன்று பிரஷர் பார்த்தேன், 138/84.

அவருடைய இடது காலில் இரண்டு விரல்கள் இல்லை. முந்தின வருஷம் மதுரையில் எடுத்துவிட்டார்கள். சுகர்.

பிரஷருக்குப் போன இடத்தில் சுகரும் பார்த்திருப்பார்களே என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். பார்க்கச் சொல்லி, மறுநாள் வெறும் வயிற்றோடு வரச் சொன்னார்களாம். இவர் போகவில்லை. ஏன் என்று அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "அதான் உங்ககிட்ட ரத்தம் குடுத்தாச்சே தாயி. சுகர் இருந்தா நீங்க சொல்லியிருப்பீகள்ல? ஒண்ணும் சொல்லலைன்னதும் ஒண்ணுமில்லைன்னு இருந்துட்டேன்."

சொல்லிவிட்டு, என் பதிலுக்குக் காத்திருக்காமல் விரலை நீட்டினார், இந்தத் தடவை அட்டைக்கு.

2016இல் அவருக்குச் சர்க்கரை இருந்ததா என்று எனக்குத் தெரியாது. பிறகு வந்ததாகவும் இருக்கலாம். அந்த அட்டையில் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைச் சோதித்திருந்தால் உங்களுக்குத் தெரியும். சோதிக்காமல் உறைபெட்டியில் இருந்தால் உங்களுக்கும் தெரியாது. என் குற்றச்சாட்டு அந்த எண்ணைப் பற்றியது அல்ல. நாம் எதுவும் சொல்லாமல் இருந்ததை அவர் 'நோயில்லை' என்ற முடிவாக எடுத்துக்கொண்டார் என்பதுதான். அவர் மட்டுமல்ல, அந்தத் தெருவில் பாதிப் பேர் அப்படித்தான் நினைத்தார்கள். ஒரே ஒரு தடவை வந்துபோகும் கணக்கெடுப்பிலும் இந்தக் குழப்பம் வரும். ஆனால் நீங்கள் திரும்பத் திரும்ப அதே வாசலுக்கு வருகிறவர்கள். பேர் சொல்லிக் கூப்பிடுகிறீர்கள், போன வாட்டி என்ன எடை இருந்தீர்கள் என்று டேப்லெட்டைப் பார்த்துச் சொல்கிறீர்கள். இவ்வளவு தெரிந்தவர்கள், தன் ரத்தத்தில் கோளாறு இருந்தால் சொல்லாமல் இருப்பார்களா என்று ஒருவர் நம்புவதில் என்ன தப்பு?

இரண்டாம் சுற்று முடிந்ததும் இதை எழுதிக் கொடுத்தேன். 'குறித்துக்கொள்ளப்பட்டது' என்று பதில் வந்தது. ரத்தத்தின் முடிவையும் சீட்டில் சேர்ப்பீர்கள் என்று எதிர்பார்த்திருந்தேன். நீங்கள் இருந்த சீட்டையும் எடுத்துவிட்டீர்கள். அந்தப் பெரியம்மாவின் உடம்பில் உங்கள் ஆய்வால் நடந்த ஒரே நல்ல காரியம் பிரஷர் மாத்திரை. அது அந்தப் பாதித் தாளால் நடந்தது.

உங்கள் தரப்பு நியாயங்கள் எனக்குத் தெரியும். பயிற்சி வகுப்புகளில் கேட்டவைதான்.

உலர்ந்த ரத்தப் புள்ளியில் வரும் எண், சிரையில் ஊசி போட்டு எடுத்த ரத்தத்தின் எண்ணுக்குச் சமம் அல்ல, வெக்கையும் ஈரமும் தாமதமும் அதை மாற்றும், சிகிச்சைக்கு நம்பி எடுக்க முடியாது என்பீர்கள். உண்மைதான். எண்ணைத் தர வேண்டாம். சராசரிச் சர்க்கரை, நோய் என்று சொல்லும் 6.5 சதவீதக் கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பவரைப் பற்றி நீங்கள் தயங்குவது புரிகிறது. 10க்கு மேல் இருப்பவரைப் பற்றி என்ன தயக்கம்? 'உங்கள் ரத்தத்தில் சர்க்கரை கூடுதலாக இருக்கலாம், உடனே ஒரு டெஸ்ட் எடுங்கள்' என்று ஒரு வரி அனுப்ப எந்தத் துல்லியம் குறைந்துவிட்டது? அட்டையைச் சோதிக்க வருஷக்கணக்கில் ஆகிறது என்றால், அதே குத்தில் ஆறாவது சொட்டை ஒரு குளுக்கோமீட்டர் பட்டையில் வைக்கலாம். இன்று எங்கள் ஊர் மருந்துக்கடையில்கூட வைக்கிறார்கள். இன்னொரு தடவை குத்தக்கூட வேண்டாம்.

முடிவைச் சொன்னால் மக்கள் உஷாராகிவிடுவார்கள், மாத்திரை சாப்பிடுவார்கள், இயல்பான போக்கு கெட்டு ஆய்வு திரிந்துவிடும் என்று ஒரு மூத்தவர் வகுப்பில் சொன்னார். இந்த வாதத்தை நான் மதிக்கவே இல்லை. நெடுங்கால ஆய்வுகளுக்கெல்லாம் முன்னோடி என்று நீங்களே எங்களுக்குப் பாடம் நடத்திய ஃப்ரேமிங்காம் ஆய்வு 1948இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 5,209 பேரோடு தொடங்கியது. இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை பரிசோதனை. கண்டறிந்ததை அவரவருடைய டாக்டருக்கு அனுப்பிவைத்தார்கள். அதனால் ஆய்வு ஒன்றும் கெட்டுவிடவில்லை. ரத்தக் கொதிப்பும் கொழுப்பும் மாரடைப்புக்கு 'ஆபத்துக் காரணிகள்' என்ற பேச்சு 1961இல் அங்கிருந்துதான் புறப்பட்டது. இன்று பேரப்பிள்ளைகளின் தலைமுறை வரை பின்தொடர்கிறார்கள்.

முடிவைத் தராமலேயே நடக்கும் பெரிய ஆய்வுகளும் உண்டு. பிரிட்டனின் யுகே பயோபேங்க் 2006 முதல் 2010 வரை 40 முதல் 69 வயதுக்குட்பட்ட ஐந்து லட்சம் பேரைச் சேர்த்தது. வந்த அன்று எடுத்த சில அளவுகளைக் கையில் கொடுத்தார்கள். பின்னால் நடக்கும் ரத்தச் சோதனைகளின் முடிவைத் தர மாட்டோம் என்று சேரும்போதே தெளிவாகச் சொன்னார்கள். சரி, அதுவும் ஒரு ஒப்பந்தம். கேட்டுவிட்டுச் சேர்ந்தவர்கள் சேர்ந்தார்கள். நம்முடைய படிவத்திலும் அது இருக்கிறதே என்பீர்கள். இருந்தது. இரண்டாம் பக்கத்தில், வேறு மூன்று விஷயங்களுக்கு நடுவில், 'உயிரியல் மாதிரிகளின் பகுப்பாய்வு முடிவுகள் தனிநபர்களுக்கு வழங்கப்படமாட்டாது' என்று. இதை நான் வாசித்தபோது ஒரு தாத்தா, "உயிரை மாதிரிக்கு எடுக்கிறீகளா?" என்று கேட்டார். சிரித்துவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விட்டேன். அந்தத் தமிழை யார் எழுதினார்களோ, அவர்களை ஒரு நாள் எங்களோடு தெருவுக்கு அனுப்புங்கள். 'எடுத்துட்டுப் போற ரத்தத்துல என்ன தெரிஞ்சாலும் உங்களுக்குச் சொல்ல மாட்டோம், அதனால டாக்டர்கிட்ட தனியாப் பாத்துக்கோங்க' என்று எழுதியிருந்தால் அந்தப் பெரியம்மா மறுநாள் வெறும் வயிற்றோடு போயிருப்பார்.

படிவம் என்றதும் இன்னொன்று. மூன்றாம் சுற்றுப் படிவத்தில் 'மரபணு ஆய்வு உள்ளிட்ட எதிர்கால ஆய்வுகள்' என்ற சொற்கள் சேர்ந்திருக்கின்றன. ஒரே கையெழுத்து, எல்லாவற்றுக்கும். அதைவிட, பழைய இரண்டு சுற்று அட்டைகளையும் இதே ஒப்புதலில் சேர்த்துக்கொள்ளலாம் என்று பேச்சு அடிபடுகிறது. உண்மை என்றால் அதை ஏற்க முடியாது. 2016இல் நான் வாசித்துக் கைரேகை வாங்கிய படிவத்தில் 'மரபணு' என்ற சொல்லே இல்லை. கொடுத்தவர்களில் சிலர் இப்போது உயிரோடு இல்லை. அவர்களுக்காக இந்தத் தடவை யார் ரேகை வைப்பார்கள்?

அமெரிக்காவின் அரிசோனாவில், கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கில் வாழும் ஹவசுபாய் பழங்குடி மக்களுக்கு இதுதான் நடந்தது. 1990இல் சர்க்கரை நோய்க்கு என்று சொல்லி அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அவர்களிடம் ரத்தம் எடுத்தார்கள். அந்தக் குடியில் சர்க்கரை நோய் அவ்வளவு அதிகம், நம்பிக் கொடுத்தார்கள். அதே ரத்தத்தில் மனச்சிதைவு பற்றியும், உறவுக்குள் திருமணம் பற்றியும், அவர்கள் எங்கிருந்து குடியேறினார்கள் என்பது பற்றியும் ஆராய்ந்தது வருஷங்கள் கழித்துத் தெரியவந்தது. வழக்குப் போட்டார்கள். 2010இல் பல்கலைக்கழகம் 41 பேருக்கு ஏழு லட்சம் டாலர் கொடுத்து, மீதமிருந்த ரத்தத்தையும் திருப்பிக் கொடுத்தது. அவர்கள் கேட்டதில் முக்கியமானது அந்த ரத்தம்தான்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு நெறிமுறைகள் இதையெல்லாம் யோசித்தே எழுதப்பட்டவை. சேமித்துவைக்கும் ரத்தத்துக்கு எதற்குச் சம்மதம், எதற்கு இல்லை என்று படிப்படியாகக் கேட்கும் முறை அதில் இருக்கிறது. மறு ஒப்புதல் இருக்கிறது, விலகிக்கொள்ளும் உரிமையும் இருக்கிறது. அறநெறிக் குழுவினருக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2023இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைக் காட்டி, ஆராய்ச்சிக்கு விலக்கு உண்டு என்று யாராவது சொல்லக்கூடும். உண்டு, ஒரு தனி ஆளைப் பற்றி முடிவெடுக்கத் தரவைப் பயன்படுத்தாதவரை. அந்த விலக்கு இருப்பதால்தான் உங்களிடம் நேரடியாக எழுதுகிறேன். சட்டத்திடம் போனால் எங்கள் ஊர்க்காரருக்கு அதிகம் கிடைக்காது. பேரை நீக்கிவிட்டோம் என்பதும் இருநூறு வீடு உள்ள ஊரில் பெரிய மறைப்பு இல்லை. அறுபது தாண்டிய பெண், தீப்பெட்டி ஆபீஸ், இடது காலில் இரண்டு விரல் இல்லை என்றால் எங்கள் பஸ் கண்டக்டரே வீட்டைக் காட்டிவிடுவார்.

ஆய்வே வேண்டாம் என்று சொல்பவள் அல்ல நான். 45 வயதுக்கு மேற்பட்ட இந்தியர்களின் உடம்பைப் பற்றி நமக்குத் தெரிந்தது கொஞ்சம். 2017-18இல் லாசி என்ற தேசிய ஆய்வு 72,000க்கும் மேற்பட்டோரைச் சந்தித்து முதல் சுற்றை முடித்தபோது, நம் தொழிலில் இருந்த எல்லோரும் சந்தோஷப்பட்டோம். வேலூரில் 1970ஐ ஒட்டிப் பிறந்த குழந்தைகளை நடுவயது வரை பின்தொடர்ந்திருக்கிறார்கள். பிறந்த எடைக்கும் பின்னால் வரும் சர்க்கரைக்கும் உள்ள தொடர்பெல்லாம் இப்படிப்பட்ட பொறுமையால்தான் பிடிபடுகிறது. ஒரே ஆளைப் பத்து வருஷம் கழித்து மறுபடி அளக்காமல், பிரஷர் முதலில் ஏறியதா கைவலு முதலில் குறைந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. உங்கள் ஆய்வு அந்த அளவுக்குப் பெரியதல்ல என்றாலும் வெயிலிலும் புகையிலும் வேலை பார்த்து முதுமை அடைந்தவர்களைப் பற்றி இவ்வளவு நெருக்கமான பதிவு வேறெங்கும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

அதனால்தான் கதவு சாத்தப்படுமோ என்று பயமாக இருக்கிறது. இரண்டாம் சுற்றிலேயே சில வீடுகளில் "போன வாட்டி எடுத்ததுக்கே பதில் வரல" என்று அனுப்பிவிட்டார்கள். அதை 'இடம் மாறிவிட்டார்' என்று பதிவு செய்த அணிகளும் உண்டு. நியூசிலாந்தின் டுனீடன் ஆய்வில், 1972-73இல் பிறந்த 1,037 குழந்தைகளில் 45 வயதில் உயிரோடிருந்தவர்களில் 94 சதவீதம் பேர் மறுபடி வந்தார்கள். எந்த நாட்டில் இருந்தாலும் டிக்கெட் போட்டு வரவழைத்தார்கள். எங்கள் ஊரில் டிக்கெட் யாரும் கேட்கவில்லை. கேட்பது ஒரு சீட்டு.

என்ன செய்ய வேண்டும் என்று கேட்கிறேன் என்றால், முதலில் அளவீட்டுச் சீட்டை நிறுத்தும் உத்தரவை இந்த மாதமே திரும்பப் பெறுங்கள். நேரம்தான் பிரச்சினை என்றால் கேள்விகளைக் குறையுங்கள். வீட்டில் எத்தனை சைக்கிள் என்று மூன்று சுற்றாகக் கேட்டாயிற்று.

சீட்டில் சர்க்கரைக்கு ஒரு கட்டம் சேருங்கள், ஆறாவது சொட்டுக்கு. பிரஷரோ சர்க்கரையோ கூடுதலாக இருப்பவர்களை, அவர்கள் சம்மதித்தால், மக்களைத் தேடி மருத்துவத்தில் எழுதிக் கொடுங்கள். 2016இல் அந்தத் திட்டம் இல்லை. 2021 ஆகஸ்டிலிருந்து மாத்திரையே வீட்டுக்கு வருகிறது. நம் அணி போகும் அதே தெருவில் அந்தத் தன்னார்வலர் அக்காவும் நடந்துகொண்டிருக்கிறார். இரண்டு பேரும் பேசிக்கொள்ளாமல் இருக்கக் காரணம் எதுவும் இல்லை.

2016, 2020 அட்டைகளில் எவை சோதிக்கப்பட்டன, எவை அப்படியே இருக்கின்றன, எங்கே இருக்கின்றன என்று ஊர் வாரியாகத் தமிழில் அறிவியுங்கள். சோதித்ததில் ஆபத்தான அளவு இருந்தவர்களுக்கு, எவ்வளவு தாமதமானாலும், ஒரு கடிதம் அனுப்புங்கள். தபாலில் போட்டு முடித்துவிடாமல், ஆள் வழியாகக் கொடுத்து வாசித்துக் காட்டச் சொல்லுங்கள்.

மரபணு ஆய்வுக்குத் தனிப் பத்தி, தனிக் கையெழுத்து வேண்டும். வேண்டாம் என்பவர் மற்றதில் தொடரலாம் என்று வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். பழைய அட்டைகளை, உயிரோடு இருப்பவரிடம் புதிதாகக் கேட்காமல் தொடாதீர்கள். இறந்தவர்களின் அட்டைகளைப் பற்றி அறநெறிக் குழு எடுக்கும் முடிவை அவர்கள் வீட்டாருக்கு எழுத்தில் தெரிவியுங்கள். ரத்தத்தைத் திருப்பிக் கேட்பவர் இருந்தால் அழித்துவிட்டு, அழித்ததற்கு ஒரு தாள் கொடுங்கள்.

மறுத்தவர் எண்ணிக்கைக்காகக் களப்பணியாளரைத் திட்டுவதை நிறுத்துங்கள். மறுப்பை மறுப்பாகவே பதிய விடுங்கள். அப்படிச் செய்தால் "நல்லதுதான்" என்று நான் சொன்ன அந்த வாக்கியத்தை இன்னொருத்தி சொல்ல வேண்டி வராது.

அடுத்த மாதம் அந்தத் தெருவுக்கு அணி போகிறது என்று தெரிந்துகொண்டேன். போகிறவருக்கு 2016ஆம் ஆண்டு அட்டையின் முடிவைக் கொடுத்து அனுப்புங்கள், சோதிக்கவில்லை என்றால் சோதிக்கவில்லை என்ற பதிலையாவது. பெரியம்மா கேட்டு ஐந்து வருஷத்துக்கு மேலாகிறது.

இப்படிக்கு,
இரண்டு சுற்றுகளில் உங்களுக்காக வீடு வீடாகப் போன களப்பணியாளர்,
விருதுநகர் மாவட்டம்